எச்சில் கணக்கு

தோ பாயோ வீட்டில், நான்காம் மாடியில்,
குவளையை உதட்டில் வைத்தால் திட்டு விழும்:
அண்ணாந்து குடி, எச்சில் பண்ணாதே.
சட்டை நனைய நனைய அண்ணாந்து வளர்ந்தவள்
முப்பது வருடமாக
அந்நியர் வாயில் எச்சில் ஊறுகிறதா என்று அளக்கிறேன்.

வேலை நொவினாவில், தரைக்கு மூன்று மாடி கீழே.
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குள்
நோயாளி தனியாகப் படுத்திருப்பார், முகமூடி மேசையோடு பூட்டியபடி.
நாங்கள் கதவுக்கு வெளியே,
கேமராவில் அவர் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு.
மருந்தைக் கொடுத்துவிட்டு மருத்துவர் ஓடி ஒளியும் வைத்தியம் இது
என்று மாணவர்களிடம் சொல்வேன்.
சிலர் சிரிப்பார்கள்.

தொடக்கத்தில் கையில் மெழுகுப் பென்சில் இருந்தது.
எக்ஸ்ரே படத்தில் நான் கோடு கீறுவேன்,
பட்டறையில் தேவசகாயம் ஈயம் உருக்கி
அதே வடிவில் கட்டி வார்ப்பார்.
மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் புற்று.
காதடியில் இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி.
வழியில் இருந்தது.
வழியில் இருந்ததெல்லாம் வெந்தது.
உயிர் மிஞ்சியதே, என்றேன் ஒரு மீன் வியாபாரியிடம்.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், மூடினார்,
திரும்பத் திறந்தார்.
கறிச்சோறு சாப்பிட்டு ஒரு வருடமாகிறது என்றாள் அவர் மகள்.

பிறகு கணினி வந்தது.
கதிரை வளைக்க முடியாது; ஆனால்
பல கீற்றாகப் பிரித்து, பல கோணத்தில் அனுப்பி
சுரப்பியை ஒதுங்கிப் போகச் சொல்லலாம்.
ஆறு வருடம், நூற்றுப் பன்னிரண்டு பேர்.
துப்பினால் அபராதம் போடும் ஊரில்
குழாயை நீட்டி, ஐந்து நிமிடம் துப்புங்கள் என்று கெஞ்சினேன்.
மேடம் ரொஸ்னானி தலைத்துணியை இழுத்து
வாயை மறைத்துக்கொண்டு துப்புவார்,
பிறகு குழாயிடம் மன்னிப்புக் கேட்பார்.
சிலருக்கு நுரை மட்டும். சிலருக்கு அதுவும் இல்லை.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்குத்தான் குழாய் நிறைந்தது.
மாநாட்டில் நான் காட்டிய படத்தில்
அவருடைய கோடு எல்லாருக்கும் மேலே ஏறியது.
கைதட்டினார்கள்.
பதினான்காம் மாதம் திரும்பி வந்தது,
சுரப்பியை ஒட்டி.

நான் விட்டுவைத்த இடத்திலா?
படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன்,
இரவு பதினொன்றுக்கு மறுபடி பெரிதாக்கினேன்.
இயற்பியலாளர் வெய் லிங் அளந்து சொன்னாள்:
ஓரம் சரிதான், மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது.
இருந்தது.
அவர் மனைவி மிச்ச மருந்துகளைப் பையோடு கொண்டுவந்து வைத்து
கட்டணம் ஏதும் பாக்கியா என்று கேட்டார்.
எஞ்சுவதுதான் எச்சில் என்பார்கள் சொல்லாராய்பவர்கள்.
அன்று முதல் ஒவ்வொரு திட்டத்திலும்
அந்த ஓரத்தில் என் சுட்டி ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.

இன்று கோ பெங் சியாங், பதினோராம் வருடப் பரிசோதனை.
இன்னும் டாக்சி ஓட்டுகிறார்.
மரகதம் அவர் நாவில் நிற்காது; டாக்டர் மா என்பார்,
சீனத்தில் அது குதிரை என்று தாதி சொல்லித்தான் தெரியும்.
கழுத்தை அழுத்திப் பார்த்தேன், மூக்கில் கேமரா விட்டுப் பார்த்தேன்.
சுத்தம்.
எழுந்திருக்கவில்லை அவர்.
சட்டைப் பையிலிருந்து ஒரு கிரீம் கிராக்கர் எடுத்தார்.
தண்ணி இல்லாமல், பாருங்கள், என்று சைகை.
நான்கு நிமிடம் மென்றார்.
வெளியே ஏழாம் எண் இருமியது.
விசைப்பலகையெல்லாம் தூள்.
பாதிக்கு மேல் முடியவில்லை; மேசையில் வைத்துவிட்டு
வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

விதிப்படி மஞ்சள் பையில் போட வேண்டும்.
கையுறை இல்லாமல் எடுத்தேன்.
கடித்த ஓரம் ஈரமாக இருந்தது.
ஏழாம் எண்ணை இன்னும் கூப்பிடவில்லை.